பல நாட்டு முதிர்ந்த றம்களை ஒப்பிட்டுச் சுவைத்தல்: மட்டக்களப்பு வெக்கைக்கேற்ற முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, பீப்பாயில் பல ஆண்டுகள் முதிர்ந்த நல்ல றம் போத்தல் ஒன்றைக் கொண்டுவருவது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதல்ல. அவற்றில் பெரும்பாலானவை கோலாவோடும் ஐஸ்கட்டியோடும் கலந்து ஒரே இரவில் முடிந்துவிடுவதால், பார்படோஸில் வடித்ததற்கும் ஜமேக்காவில் வடித்ததற்கும் உள்ள வேறுபாடு ஒருவர் நாக்கிலும் படாமலே போய்விடுகிறது. மூன்று நான்கு நாட்டு றம்களைச் சிறிய அளவில் அருகருகே வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்று எங்கே, எதனால் விலகுகிறது என்று கண்டறியும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதற்கு அபூர்வமான நாக்கு எதுவும் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேறுபாடு மட்டும் முன்னுக்கு வரும்படி ஒழுங்கு செய்யும் பொறுமை போதும். சுவைப்பவரை வழிதவற வைப்பவை பெரும்பாலும் இரண்டு: போத்தலில் அச்சிட்ட ஆண்டு எண்ணும், வாயில் முதலில் படும் இனிப்பும். அந்த இரண்டையும் ஒதுக்கி வைப்பதற்கான ஏற்பாடுகளே கீழே வருபவற்றில் பாதி.

இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பது குற்றம். போயா நாட்களில் மதுக்கடைகள் மூடப்பட்டிருக்கும். மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், குடியை நிறுத்திய அல்லது நிறுத்த முயலும் எவரும் இந்தப் பக்கம் வர வேண்டாம். குடியால் நொந்த வீடுகள் நம் ஊர்களில் ஏராளம், அத்தகைய வீட்டில் இதை ஒரு கலை என்று சொல்லிப் போத்தல் திறப்பது நாகரிகமல்ல. ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று கசிப்பை மேசைக்குக் கொண்டுவருபவர் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவருக்கு மறுப்புச் சொல்லிவிடுங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது.

முதற்படி: றம்மின் சுவை எங்கிருந்து வருகிறது என்று அறிதல்

அம்பாறை மாவட்டத்தில் ஹிங்குராணைப் பக்கம் போய்வந்தவர்களுக்குக் கரும்பு வயலும் சீனி ஆலையும் பழக்கமானவை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சீனியைப் பிரித்தெடுத்த பின்னர் எஞ்சும் கரிய, தடித்த பாகுதான் மொலாசஸ். உலகில் வடிக்கப்படும் றம்மில் மிகப் பெரும் பகுதி அதிலிருந்தே வருகிறது. பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட மார்ட்டினிக் தீவில் வழக்கம் வேறு: அங்கே கரும்பை வெட்டியவுடன் பிழிந்த பச்சைச் சாற்றையே புளிக்கவைத்து வடிக்கிறார்கள். அந்த முறைக்கு 1996ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசின் பிறப்பிடச் சான்று கிடைத்தது. மொலாசஸ் றம்மில் கருகிய பாகின் வாசனை அடியில் நிற்கும். சாற்று றம்மில் புல்லும் பச்சைக் கரும்பும் மணக்கும், எத்தனை ஆண்டு பீப்பாயில் கிடந்தாலும் அந்தப் பச்சை வாசனை முழுதாகப் போகாது.

அடுத்தது புளித்தல். அப்ப மாவை ஓர் இரவு புளிக்க விடுவதற்கும் இரண்டு நாள் மறந்து விடுவதற்கும் உள்ள தூரம் இங்கும் உண்டு. கியூபா போன்ற இடங்களின் மென்மையான றம்களுக்கு ஓரிரு நாளில் புளித்தல் முடிந்துவிடும். ஜமேக்காவின் சில பழைய வடிசாலைகளிலோ காற்றிலுள்ள இயற்கை ஈஸ்டை நம்பி ஒரு வாரத்துக்கும் மேலாக விடுவார்கள்; முந்தைய வடிப்பில் கொதிகலத்தின் அடியில் எஞ்சிய புளித்த நீரையும் அதோடு சேர்ப்பார்கள். அந்த எஞ்சிய நீருக்கு அங்கே டண்டர் என்று பெயர். இப்படிச் செய்யும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலங்கள் மதுசாரத்தோடு கூடி எஸ்டர் எனப்படும் வாசனைப் பொருட்களாகின்றன. அன்னாசி, மிகக் கனிந்த வாழைப்பழம், நகப்பூச்சு ஆகிய மூன்று வாசனைகளும் ஒரே கிளாஸிலிருந்து எழுந்தால் நீங்கள் ஜமேக்காவில் நிற்கிறீர்கள் என்று துணிந்து சொல்லலாம். ஹாம்ப்டன் வடிசாலையின் மிகக் கடுமையான வகையில் 100 லீற்றர் தூய மதுசாரத்துக்கு எஸ்டர் அளவு 1600 கிராமை எட்டும். அது அப்படியே குடிப்பதற்கென்று பிறந்ததல்ல. பிற மதுவகைகளிலும் இனிப்புப் பண்டங்களிலும் வாசனைக்காகச் சிறிது சேர்ப்பதற்கென்று ஏற்றுமதியானது.

மூன்றாவது வடிக்கும் கலம். செம்புப் பானையில் தொகுதி தொகுதியாக வடிக்கும் பொட் ஸ்டில்லில் எண்ணெய்த்தன்மையும் கனமும் கூடிய மது கிடைக்கும். உயர்ந்த தூணில் இடைவிடாமல் வடிக்கும் கொலம் ஸ்டில்லில் தெளிவும் இலகுவும் கூடியது கிடைக்கும். பார்படோஸ்காரர்கள் இரண்டையும் கலப்பதில் கைதேர்ந்தவர்கள். கயானாவில் டெமராரா ஆற்றங்கரை டயமண்ட் வடிசாலையில், மூடிய பழைய கரும்புத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த மரக் கலங்கள் இன்றும் வேலை செய்கின்றன. அவற்றில் போர்ட் மொரான்ட் தோட்டத்தின் இரட்டை மரப் பானை மிகவும் பெயர்பெற்றது. அந்தத் தோட்டத்தில் தமிழர்கள் உட்பட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். கிரிக்கெட் வீரர்கள் ரொஹான் கன்ஹாயும் அல்வின் காளிச்சரணும் அந்த மண்தான்.

கடைசியாக மரமும் வெக்கையும். அமெரிக்காவில் போர்பன் விஸ்கிக்குப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் இருப்பதால், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் மலிவாகக் கரீபியனுக்கு வருகின்றன. வனிலா, தேங்காய், கறுவா போன்ற வாசனைகள் அந்த ஓக்கின் கொடை. ஸ்கொட்லாந்தின் குளிரில் ஒரு பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகும்போது, கரீபியன் வெக்கையில் 6 சதவீதமும் அதற்கு மேலும் போகும். 6 சதவீதம் என்று எடுத்தாலும் பத்து ஆண்டில் பீப்பாயில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் மிஞ்சும். ஆகவே வெப்ப நாட்டில் முதிர்ந்த 12 ஆண்டு றம்மையும் குளிர் நாட்டுக்குக் கப்பலில் அனுப்பி அங்கே முதிர்த்த 12 ஆண்டு றம்மையும் எண்ணை மட்டும் பார்த்து ஒன்றென்று கொள்ளக்கூடாது.

இரண்டாம் படி: போத்தல்களைத் தெரிவு செய்தல்

நான்குக்கு மேல் வேண்டாம். என் தெரிவு இவ்வாறு அமையும்: பார்படோஸுக்கு மௌன்ட் கே எக்ஸ்ஓ, ஜமேக்காவுக்கு அப்பிள்டன் எஸ்டேட் 12 ஆண்டு, கயானாவுக்கு எல் டொராடோ 12 அல்லது 15 ஆண்டு, மார்ட்டினிக்குக்குக் கிளெமென்ட் அல்லது ஜே.எம். வடிசாலையின் விஎஸ்ஓபி. கடைசியது கிடைப்பது கடினம். கொண்டுவருபவரிடம் முன்கூட்டியே பெயரைச் சொல்லிவிடுவது நல்லது. அது இல்லாவிட்டால் கியூபாவின் ஹவானா கிளப் 7 ஆண்டை வைத்து, கனத்துக்கும் இலகுவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கலாம். இந்தியாவின் ஓல்ட் மங்க் நம்மவர்களுக்கு மிகப் பழக்கமான முதிர்ந்த றம். 1954இலிருந்து விற்பனையில் இருக்கும் அதை ஒப்பீட்டுக்குள் கொண்டுவந்தால், பழகிய சுவை எவ்வளவு வனிலாவாலும் இனிப்பாலும் ஆனது என்பது சிலருக்கு வியப்பாக இருக்கும்.

லேபலில் உள்ள எண்ணைப் படிக்கும்போது கவனம் வேண்டும். ஜமேக்கா, பார்படோஸ், கயானா றம்களில் 12 என்று இருந்தால், கலவையில் உள்ள மிக இளைய றம்முக்கே 12 ஆண்டு. குவாத்தமாலாவின் ஸகாபா 23 போன்ற, பழைய றம்மோடு இளைய றம்மைத் தொடர்ந்து கலந்து முதிர்த்தும் சொலேரா முறை றம்களில் அந்த எண் வயதின் உறுதிமொழியல்ல. ஸகாபா 23இல் 6 முதல் 23 ஆண்டு வரையிலான றம்கள் கலந்திருக்கின்றன. மார்ட்டினிக்கில் எழுத்துகளே வயதைச் சொல்லும்: விஓ என்றால் குறைந்தது 3 ஆண்டு, விஎஸ்ஓபி 4, எக்ஸ்ஓ 6. ஆனால் பிற நாடுகளில் எக்ஸ்ஓ என்ற எழுத்துக்கு அதே பொருள் இருக்க வேண்டியதில்லை. நிறத்தை நம்பவே வேண்டாம். கரமெல் நிறமூட்டி சில துளி போதும், மூன்று ஆண்டு றம் முப்பது ஆண்டு றம்போல் கறுத்துவிடும்.

ஐந்தாவதாக ஒன்றை வைப்பதானால் அது நம் நாட்டுத் தென்னஞ் சாராயமாக இருக்கட்டும். லேபலைப் பார்த்து, வேறு மதுசாரம் கலக்காத முழுத் தென்னஞ் சாராயத்தை வாங்க வேண்டும். ஹல்மில்ல மரத் தொட்டியில் முதிர்ந்த சாராயத்தில் ஓக்கின் வனிலா தலைதூக்காது. மரம் மாறினால் என்ன மாறும் என்பதற்கு இதைவிட மலிவான பாடம் கிடைக்காது.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

கரீபியன் வெக்கையில் முதிர்ந்த றம்மாக இருந்தாலும், சுவைக்கும் அறை அவ்வளவு வெக்கையாக இருக்கக்கூடாது. முப்பது பாகை செல்சியஸுக்கு மேல் மதுசார ஆவி மூக்கில் முந்திக்கொண்டு ஏறி மற்ற வாசனைகளை மறைத்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களின் நண்பகலில் மூக்கின் உட்புறமே வறண்டுபோவதால், அந்தக் காலத்தில் இருட்டிய பிறகும் இதைத் தொடங்க நான் விரும்புவதில்லை. மார்கழி, தை மாதங்களில் மழை ஓய்ந்த மாலைகளே உகந்தவை. போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வாசனை அடங்கிவிடும். மண்பானைத் தண்ணீரை ஒரு பேசினில் ஊற்றி, மூடிய போத்தலை அதில் அரைமணி நேரம் நிற்க வைத்தால் வேண்டிய அளவு வெக்கை தணியும்.

காற்றாடியை நிறுத்த வேண்டும், ஏனெனில் கிளாஸின் வாயில் தேங்கி நிற்க வேண்டிய வாசனையை அது கலைத்துவிடும். அப்படி நிறுத்தினால் நுளம்பு வரும். அதற்காக நுளம்புத்திரியைக் கொளுத்தினால் எல்லா றம்மும் நுளம்புத்திரியாக மணக்கும். வலை அடித்த ஜன்னலுள்ள அறையைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. சாம்பிராணி, கருவாடு பொரித்த அடுப்படி, மல்லிகைச் சரம், வாசனைத் திரவியம் ஆகியவையும் அன்றைக்கு ஆகாது. சுவைப்பவர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே காரமில்லாத உணவை உண்டு முடித்திருக்க வேண்டும். வெற்றிலை போட்ட வாய் அன்று முழுவதும் இதற்குப் பயன்படாது.

நான்காம் படி: கிளாஸ், தண்ணீர், அளவு

அடி பருத்து வாய் ஒடுங்கிய சிறிய கிளாஸ் ஒவ்வொரு றம்முக்கும் ஒன்றாக வேண்டும். கடையில் விஸ்கி சுவைப்பதற்கென்று விற்பதே சிறந்தது. கிடைக்காவிட்டால் சிறிய வைன் கிளாஸ் போதும். அலுமாரியில் கிடந்த கிளாஸில் பழைய மரவாசனையும் பூச்சி உருண்டை வாசனையும் ஒட்டியிருக்கும் என்பதால் வெந்நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிட வேண்டும். வாவியோரக் கிணறுகளின் உவர்த்தன்மையும் குழாய்த் தண்ணீரின் குளோரினும் றம்மைக் கெடுக்கும்; வாய் கொப்பளிக்கவும் கலக்கவும் போத்தல் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

ஊசி கழற்றிய 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்றை மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய பொருள்தான் முழு ஒப்பீட்டையும் நேர்மையாக்கும். ஒரு றம் 40 பாகை (அதாவது நூற்றுக்கு 40 பங்கு மதுசாரம்), இன்னொன்று 46 பாகை என்றால், கடுமை கூடியது எப்போதும் கூடுதல் சுவையுள்ளதாகத் தோன்றும். ஆகவே எல்லாவற்றையும் 40க்கு இறக்க வேண்டும். கணக்கு எளிது: ஊற்றிய அளவை அதன் பாகையால் பெருக்கி 40ஆல் வகுத்து, வரும் விடையிலிருந்து ஊற்றிய அளவைக் கழித்தால் சேர்க்க வேண்டிய தண்ணீரின் அளவு வரும். 15 மில்லிலீற்றர் றம் 46 பாகையாக இருந்தால் இரண்டேகால் மில்லிலீற்றர், 43 பாகையாக இருந்தால் ஒரு மில்லிலீற்றருக்குச் சற்று மேல். சேர்த்தபின் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

ஒருவருக்கு ஒரு றம்மில் 15 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்றக்கூடாது. நான்கையும் விழுங்கினாலே ஏறத்தாழ 19 கிராம் தூய மதுசாரம் உடலில் சேரும். ஆகையால் துப்புவதற்கு ஆளுக்கொரு மூடிய பாத்திரம் வையுங்கள். நம் ஊரில் இது விருந்தோம்பலுக்கு இழுக்கு என்று சிலர் நினைப்பார்கள், ஆனால் மூன்றாவது கிளாஸுக்குப் பின்னர் துப்பாதவரின் குறிப்பு எதற்கும் உதவாது. துப்பினாலும் வாயிலிருந்து சிறிது உடலில் சேரும். கல்லடிப் பாலத்தைத் தாண்ட வேண்டியவர்கள் முச்சக்கரவண்டியில் போகட்டும்.

ஐந்தாம் படி: மறைத்து ஊற்றுதல்

சுவைக்காத ஒருவர் வேறு அறையில் ஊற்றி, கிளாஸின் அடியில் எழுத்து ஒட்டிக் கொண்டுவர வேண்டும். விலையும் ஆண்டும் தெரிந்துவிட்டால் மூக்கு அதற்கேற்ப மணந்துவிடும். இது எவ்வளவு தேர்ந்தவருக்கும் பொருந்தும். ஒரு குறும்பு உத்தியும் உண்டு: நான்கில் இரண்டு கிளாஸில் ஒரே றம்மை ஊற்றுவது. இரண்டுக்கும் வெவ்வேறு குறிப்பு எழுதியவர் அடுத்த முறை மெதுவாகச் சுவைப்பார்.

ஆறாம் படி: முகர்தல்

கிளாஸை முகவாய் மட்டத்தில் பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வைனைச் சுழற்றுவதுபோல் சுழற்றினால் மதுசாரம் மட்டும் எழும். முதல் தடவை ஒரு நொடி. பிறகு எல்லா கிளாஸையும் வரிசையாக ஒரு சுற்று. அதற்குப் பின்னரே ஒவ்வொன்றிலும் நின்று முகர வேண்டும். மூக்கு களைத்துவிட்டால் உங்கள் சட்டைக் கையையே முகர்ந்து பாருங்கள். கோப்பித்தூளை விட அது நன்றாகத் தெளிவுபடுத்துகிறது என்பது என் கருத்து.

வாசனைக்குச் சொல் கிடைக்காமல் தடுமாறுவது இயல்பு. போத்தலின் பின்புறத்தில் உள்ள டொபி, செர்ரி, லெதர் என்ற பட்டியலைக் கடன் வாங்குவதை விட, மேசையிலேயே சில பொருட்களை வைத்துக்கொண்டு மாறிமாறி முகர்வது நல்லது: தோடம்பழத் தோல், கறுவாப்பட்டை, பனங்கட்டி, வறுத்த தேங்காய்ப்பூ, கேக்கில் போடும் பிளம்ஸ், கறுத்துக் கனிந்த கதலிப்பழம், ஒரு துண்டு அன்னாசி. பருவத்தில் கிடைத்தால் மரமுந்திரிகைப் பழத்தையும் வையுங்கள். அதன் காரமான, பாதி புளித்த மணத்துக்கு மிக அருகில் வருவது ஜமேக்கா றம்.

ஏழாம் படி: வாயில்

முதல் துளி வாயைப் பழக்குவதற்கு மட்டுமே. அதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். இரண்டாவது தடவை அரைத் தேக்கரண்டி அளவு எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி பத்து நொடி வைத்திருந்து துப்பியபின் வாயை மூடி மூக்கால் மூச்சை வெளிவிடுங்கள். அப்போது வருவதே றம்மின் உண்மையான குணம். ஓக்கில் அதிக காலம் இருந்த றம் பலமான வெறுந்தேநீர் குடித்ததுபோல் ஈறுகளை இறுக்கும். எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்பதோடு, நிற்பது எது என்பதையும் எழுதுங்கள்: சில றம்களில் பழ வாசனை முதலில் மறைந்து கசப்பான மரம் மட்டும் மிஞ்சும், அது மரத்தில் அளவுக்கு மிஞ்சிக் கிடந்ததன் அடையாளம். ஒரு றம்முக்கும் அடுத்ததற்கும் இடையில் தண்ணீரும் ஒரு துண்டு வெறும் பாணும் போதும்.

எட்டாம் படி: இரண்டிரண்டாக ஒப்பிடுதல்

நான்கையும் ஒன்றாக மதிப்பிட்டுப் புள்ளி போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டிரண்டாக எடுங்கள். பார்படோஸையும் ஜமேக்காவையும் அருகருகே வைத்தால், மொலாசஸும் ஓக்கும் இரண்டிலும் உண்டு. வேறுபடுவது பெரும்பாலும் புளித்தலும் வடித்தலும் தந்த பழவாசனையே. பார்படோஸ் அமைதியாக, வனிலாவும் கொட்டைப்பருப்பும் சமமாக நிற்க, ஜமேக்கா கனிந்த பழத்தோடு சத்தமாக வரும். கயானாவையும் மார்ட்டினிக்கையும் சேர்த்தால் மூலப்பொருளின் தூரம் தெரியும்: முன்னது கருகிய பாகு, பிளம்ஸ், அதிமதுரம், பின்னது பச்சைக் கரும்பு, மிளகு, தோடம்பழத் தோல். பிறகு தென்னஞ் சாராயத்தை பார்படோஸோடு வைத்து, வனிலா எதில் இல்லை என்று பாருங்கள்.

இனிப்பைத் தனியாகச் சோதிக்க வேண்டும். வடித்த மதுவில் சீனி வராது. ஓக் தரும் இனிப்பு வாசனையாகவே வரும். ஆனாலும் வடித்த பின்னர் சீனி சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய மதுபான விதிகள் லீற்றருக்கு 20 கிராம் வரை அனுமதிக்கின்றன. வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு றம்மிலும் ஒரு தேக்கரண்டி ஊற்றி இரவு முழுவதும் வையுங்கள். சேர்க்காதது மெல்லிய மண்ணிறக் கறையாகக் காயும், விரலில் ஒட்டாது. சேர்த்தது பிசுபிசுக்கும், விடியுமுன் எறும்பு வந்திருந்தாலும் வியப்பில்லை. சீனி சேர்த்தது தாழ்ந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் சேர்த்த றம்மைச் சேர்க்காததோடு அருகருகே வைத்து "இதுதான் வழுவழுப்பு" என்று தீர்ப்புச் சொல்வது சரியான ஒப்பீடல்ல.

ஒன்பதாம் படி: குறிப்பும் பராமரிப்பும்

ஒரு றம்முக்கு நான்கு வரி போதும்: முகர்ந்தது, வாயில் வந்தது, நின்றது, எந்த நாடு என்று நினைத்தேன் என்பது. விடையைப் பார்க்குமுன் நாட்டை எழுதிவிட வேண்டும். கிளாஸ்களை அன்றிரவே கழுவாமல் விட்டு, காலையில் வெறும் கிளாஸை முகர்ந்து அதே பக்கத்தில் ஐந்தாவது வரியாக எழுதுங்கள். மதுசாரம் போனபின் அடியில் எஞ்சும் மரமும் பாகும் அப்போது மிகத் தெளிவாகப் பிரியும்.

திறந்த போத்தலை வெளிச்சம் படாத அலுமாரியில் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் மதுசாரம் தக்கையை அரிக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய போத்தலில் காற்று அதிகமாகி, நம் வெக்கையில் சில மாதங்களில் வாசனை தட்டையாகும். மிச்சத்தைக் கழுவி உலர்த்திய சிறிய கண்ணாடிப் போத்தல்களில் விளிம்புவரை நிரப்பி, நாடு, பாகை, திறந்த மாதம் ஆகியவற்றை எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த ஒப்பீட்டில் புதிதாக வந்த போத்தலுக்கு எதிரே வைக்க, அந்தச் சிறு போத்தல்களில் ஒன்று போதும்.